கரடிக்கு ஜலதோஷம் கிடையாது

"ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுறதும், ஒரு கார்ட்டூன் படத்த விளையாட்டா மாத்துறதும் ஒரே வேலைதான். சொல்லப்போனா ரெண்டாவதுதான் கஷ்டம். நாட்டு மக்கள் சட்டத்தப் படிக்க மாட்டாங்க. இவங்க படத்தப் பாத்திருக்காங்க."

வில்பட்டி குமாரவேல் இதைச் சிரிக்காமல் சொன்னான். கொடைக்கானல் கடைத்தெருவில் ஒலியுல்லா பாயின் ஸ்வெட்டர் கடை மாடியில், கம்பளிக் கட்டுகளுக்கு நடுவே, சீசன் முடிந்து ஊர் காலியாகியிருந்த ஒரு புதன்கிழமை மத்தியானம் சொன்னான். எதிரே ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களும் சிரிக்கவில்லை. தட்டில் வந்திருந்த வெங்காய பஜ்ஜியில் மும்முரமாக இருந்தார்கள்.

விளையாட்டு என்னவென்றால், மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். வாள் வீரன், மந்திரக்காரி, வழிகாட்டி என்று ஆளுக்கொரு வேடம். ஒருவன் கதை நடத்துவான். முன்னால் ஓர் ஆறு ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள் என்று அவன் கேட்பான். மற்றவர்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். ஒரே கதை வாரக்கணக்கில் ஓடும். குமாரவேல்தான் கதை நடத்துகிறவன். வில்பட்டியில் அவனுக்கு ஒரு வீடு இருந்தது, கல்லூரியில் வருகைப் பதிவில் ஒரு தகராறு இருந்தது. இரண்டு இடத்திலும் அவன் பேச்சுக்கு மதிப்பில்லை. அவன் சொல்லி நாலு பேர் கேட்கிற இடம் உலகத்திலேயே இந்த மேசை ஒன்றுதான்.

படம், ஊசி என்கிற முள்ளம்பன்றிக் குட்டி தன் அம்மாவைத் தேடி ஏழு மலை தாண்டுகிற கதை. எந்த நாட்டுப் படம் என்று யாருக்கும் தெரியாது. இவர்களெல்லாம் பள்ளிக்கூடம் போன காலத்தில், மழைக்கு லீவு விட்ட நாளெல்லாம் உள்ளூர் கேபிளில் இதுதான் ஓடும். கேபிள்காரரிடம் இருந்ததில் திக்காமல் ஓடுகிற சிடி இது ஒன்றுதான். கொடைக்கானலில் மழைக்கு எத்தனை நாள் லீவு விடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு மற்றது விளங்கும். ஊசிக்குத் துணையாக வரும் கரடி மாமாவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு ஜலதோஷம் போலிருக்கிறது. யாரும் திருத்தவில்லை. ஆகவே இந்த மலையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கே கரடி என்றால் மூக்கால் பேசும்.

குமாரவேல் அந்தப் படத்திலிருந்த சிறுபிள்ளைத்தனத்தை வடிகட்டினான். பாட்டுகளை நீக்கினான். ஊசிக்கு முட்கவசம் பதினாலு, உயிர்ப்புள்ளி ஒன்பது என்று கணக்குப் போட்டான். கரடி மாமாவை 'வனக் காவலர், ஒன்பதாம் நிலை' ஆக்கினான். ஈரப் பாறையில் கால் வழுக்குவதற்குத் தனி அட்டவணை. மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம். முதல் பக்கத்தின் முதல் வரி: 'விதி 1: கரடிக்கு ஜலதோஷம் கிடையாது.'

இந்த விதி செல்வமுருகனுக்காக எழுதப்பட்டது. செல்வமுருகன் ஏரிக்கரைப் பக்கம் ஒரு காபிக் கடையில் சனிக்கிழமைதோறும் இதே படத்தை இதே மாதிரி நடத்திக்கொண்டிருந்தான். தோளில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கரடிக்கு மூக்காலும் நரிக்குக் கீச்சுக் குரலிலும் பேசுவானாம். அது கதை நடத்துவது இல்லை, கோயில் திருவிழாவில் இருபது நிமிஷம் இடைவெளி நிரப்புகிற மிமிக்ரி என்பது குமாரவேலின் தீர்ப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சொல்லும் எதையும் தன்மானமுள்ள மனுஷன் நம்ப மாட்டான் என்று அவன் ஐந்து பேருக்கும் விளக்கினான்.

முதல் வாரம் நரி வந்தது. படத்தில் இனிக்க இனிக்கப் பேசி, குறுக்கு வழி காட்டுகிறேன் என்று ஊசியைக் கூட்டிப்போய் வேட்டைக்காரனிடம் விடுவது நரிதான். குமாரவேல் அந்தத் துரோகத்தை ஆறு வாரத்துக்கு ஊறப்போட்டிருந்தான். நரி வந்து வணக்கம் சொன்ன ஆறாவது நிமிஷம், வாள் வீரனாக விளையாடிய, பக்கத்து மலைக் கிராமமான போளூரிலிருந்து வரும் ராஜமுருகன் அதை மரத்தில் கட்டிப்போட்டான். நரி இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே என்று குமாரவேல் கேட்டான். செய்யப் போகிறதே என்றான் ராஜமுருகன்.

இரண்டாம் வாரம் குமாரவேல் நரியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கொக்கை வைத்தான். வழிகாட்டியான ஷர்மிளா கொக்கிடம் பேச மறுத்துவிட்டாள். படத்தில் கொக்கே கிடையாது, இல்லாத கொக்கிடம் எப்படி வழி கேட்பது என்றாள். கொக்கு அந்த மத்தியானம் முழுக்க ஒற்றைக் காலில் நின்றது.

மூன்றாம் வாரம் அவன் படத்தை விட்டே விலகி, சத்திரத்தில் முக்காடு போட்ட ஒரு மர்ம மனிதனைக் கொண்டுவந்தான். கையில் பழைய வரைபடம். உலகத்தில் இந்த விளையாட்டு எங்கே நடந்தாலும் முக்காட்டைப் பார்த்ததும் ஆட்டக்காரர்கள் பின்னாலேயே போய்விடுவார்கள். ஆனால் உலகத்தில் மற்றவர்கள் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் வளரவில்லை. ஷர்மிளாவின் அப்பா தாண்டிக்குடி ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர். ஒலியுல்லா பாயின் மகள் ஸைமா நடக்கப் பழகியதே கடை கல்லாவைப் பிடித்துக்கொண்டுதான். தானாக வந்து உதவுகிறேன் என்று நிற்கிற ஆளைப் பார்த்ததும் அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "ரூம் ஏஜென்ட்." அப்புறம் இரண்டு மணி நேரம், சத்திரத்தில் வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா என்று விசாரித்தார்கள். மர்ம மனிதன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று சாயங்காலம் ஐந்து பேரில் இரண்டு பேர் செல்வமுருகனிடம் சேர்ந்துவிட்டார்கள்.

நான்காம் புதன்கிழமை குமாரவேல் மாடிப்படி ஏறும்போதே ஸைமா வழியில் நின்றாள்.

"குமாரு, ஒன்னு சொல்லிர்றேன். சனிக்கிழமைக்கு செல்வமுருகன் மூணு எடம் வச்சிருக்கான். இன்னிக்கும் இப்படியே போச்சுன்னா நாங்க அங்க போறோம். ஒனக்குத் தெரியாமப் போகல, சொல்லிட்டுத்தான் போறோம்."

"போயி? அவன் மூக்கால பேசறதக் கேக்கவா?"

"அங்க சிரிக்கிறாங்களாம்" என்றாள் ஸைமா.

குமாரவேல் அவளைத் தாண்டி மேலே ஏறினான். மூன்று பேரும் போய்விட்டால் மேசை ஒலியுல்லா பாய்க்குத் துணி மடிக்க உதவும். தனக்கு எதற்கு உதவும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்வெட்டர் அட்டைப்பெட்டியின் மூடியை வழக்கம்போல மேசையின் தன் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினான். எழுதி வைத்திருப்பதை ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்க்காமலிருக்க அதுதான் மறைப்பு. இந்தத் தடவை படத்தில் எல்லாரும் அழுகிற இடத்தையே எடுத்திருந்தான். மூன்றாவது மலை. வேட்டைக்காரன் வெட்டி வைத்த குழியில் ஊசி விழுந்து கிடக்கிறது. இங்கே துரோகி கிடையாது, கொக்கு கிடையாது, முக்காடும் கிடையாது. தூக்கிவிட வேண்டியதுதான் சோலி.

ஷர்மிளா குழிக்குப் போகிற பாதை எவ்வளவு அகலம் என்று கேட்டாள். நாலடி என்றான். கொண்டை ஊசி வளைவு உண்டா என்றாள். மூன்று என்றான். மழைக்காலத்தில் அந்த அகலத்தில் யாரும் போக மாட்டார்கள், மண் சரியும் என்றாள். அதற்குத்தான் அட்டவணை இருக்கிறது என்று குமாரவேல் ஈரப் பாறை விதிகளை வாசிக்க ஆரம்பித்தான். சாய்வு முப்பது பாகை என்றால் இரண்டு கழிக்க வேண்டும், பாசி இருந்தால் இன்னும் ஒன்று. ஏழாவது வரியில் ஸைமா கொட்டாவியைத் துப்பட்டாவால் மறைத்தாள். மறைத்ததுதான் அவனுக்கு வலித்தது.

கடைசியில் எப்படியோ மூவரும் குழி விளிம்புக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே ஊசி அழுகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான்.

"நான் ஒண்ணும் செய்யல" என்றான் ராஜமுருகன்.

"ஒண்ணும் செய்யலன்னா?"

"கெடக்கட்டும். ஏலே, போன வாரம் எங்க காட்டுல மூணு பாத்தி உருளக்கெழங்க முள்ளம்பன்னி நோண்டிப் போட்டுப் போயிருச்சு. எங்கப்பா இன்னும் சரியாச் சோறு திங்கல. நான் இங்கன ஒக்காந்து அதக் காப்பாத்திட்டு, அவரு மூஞ்சில எப்புடி முழிக்க?"

"இது கதை, ராசு."

"கதைன்னா கெழங்கு திங்காதா?"

குமாரவேல் நாற்பத்து மூன்று பக்கத்தையும் புரட்டினான். பாறை இருந்தது, பாசி இருந்தது, பனிமூட்டத்தில் பார்வைத் தூரம் இருந்தது. உருளைக்கிழங்கு பற்றி ஒரு வரி இல்லை. மலையில் பிறந்து, விவசாயி வீட்டில் வளர்ந்து, முள்ளம்பன்றிக்கு முட்கவசம் பதினாலு என்று கணக்குப் போட்டவனுக்கு, போளூர்க்காரன் அதைக் காப்பாற்ற மாட்டான் என்பது தோன்றவே இல்லை. குமாரவேல் வீட்டுக் காரட்டையும்தான் அது தின்னும். ஒரு தடவை அவனே தகர டப்பாவைத் தட்டி விரட்டியிருக்கிறான்.

வேண்டுமானால் பகடையை உருட்டி மனசு மாறுகிறதா பார்க்கலாம் என்றான். என் மனசுக்கு நீ ஏன் பகடை உருட்டுகிறாய் என்றான் ராஜமுருகன். கோபமாகச் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணி போளூர் பஸ்ஸுக்கு வெரசாப் போனால்தான் இடம் கிடைக்கும் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினான். ஷர்மிளா பேனாவை மூடினாள். ஸைமா தன் மந்திரக்காரியின் விவரங்கள் எழுதிய தாளை நாலாக மடித்தாள். மடித்த தாளை மேசையில் வைக்காமல் கைப்பையில் வைத்தாள்.

குமாரவேலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு அரசியல் சட்டம் ஒன்றுதான் கையில் இருந்தது.

ஸைமா எழுந்திருப்பதற்கு முன் ஒரு மரியாதைக்காகக் கேட்டாள். அவனிடம் கேட்கவில்லை. குழி ஓரத்தில் இத்தனை நேரமும் ஒன்பதாம் நிலையில் சும்மா நின்றிருந்த வனக் காவலரிடம் கேட்டாள்.

"கரடி மாமா, நாங்க கெளம்புறோம். குட்டிய என்ன பண்ணட்டுங்க?"

முப்பத்தோராம் பக்கத்தில் வனக் காவலரின் பதில் எழுதியிருந்தது. 'முடிவு உங்களுடையது' என்று கம்பீரமாக இருந்தது. குமாரவேல் அதைப் பார்த்தான். கீழே கடையில் யாரோ குரங்குக் குல்லாய்க்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜமுருகனின் செருப்புக் கால் படிக்கட்டின் முதல் படியில் இருந்தது.

குமாரவேல் தாள்களைத் தேடுகிறவன்போல அட்டைப்பெட்டி மூடிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தினான். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தான்.

"தம்பி" என்றது கரடி. "அது கெழங்கு திங்கும். நான் இல்லங்கல. ஆனா ஒங்கப்பாரு சோறு திங்கலன்னு ஒனக்கு இருக்கில்ல, இதோட அம்மாவும் எங்கயோ திங்காமத்தான் கெடக்கும்."

மூடிக்குப் பின்னாலிருந்து அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. காது மட்டும் சுட்டது.

"காப்பாத்த வேண்டாம். தூக்கி மேல மட்டும் போடு. குழிக்குள்ள கெடந்தா ராவெல்லாம் அழுவும். எனக்கு ஏற்கனவே ஜலதோஷம், தூக்கம் வேற போயிரும்."

ஷர்மிளாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, தும்மலா என்று சொல்ல முடியாது. அப்புறம் செருப்பு திரும்பி வருகிற சத்தம். நாற்காலி தரையில் இழுபட்டது. ராஜமுருகன் பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை, ஆனால் உட்கார்ந்தான்.

"தூக்கறேன். ஆனா போளூர்ப் பக்கம் விட மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்" என்றான். "குழி எம்புட்டு ஆழம்?"

அதற்கான அளவு பன்னிரண்டாம் பக்கத்தில், அடி அங்குலத்தோடு இருந்தது. குமாரவேல் பக்கத்தைப் புரட்டவில்லை. மூக்கிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

"ரெண்டு ஆள் ஆழம்" என்றது கரடி. "பாத்து எறங்கு. பாசி கெடக்கு."