குறட்டை நின்ற மதியம்

வெர்லீன் காலையில் போட்ட சண்டையில் பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியே எட்டிப் பார்த்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்த புருஷன் ஆல்டன் வலியில் துடிக்கிறான், "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். யாருக்குத்தான் பொறுக்கும்? தங்களைப் போன்ற கறுப்பர்களுக்கு வலி குறைச்சல் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! அவளுடைய அக்கா இதே ஊரில் பொறுத்துப் பொறுத்தே போய்ச் சேர்ந்தவள். கடைசியில் டாக்டர் இறங்கி வந்து மருந்தைக் கூட்டினார். ஆல்டன் தூங்கிப்போனான். வெர்லீனுக்கு ஜெயித்த திருப்தி.

மதியம் அவனுடைய குறட்டை விட்டு விட்டு வந்தது. அப்புறம் நின்றே போனது. அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, மனசில்லாமல் ஒரு தரம் ஏறி இறங்கியது. விரலில் மாட்டிய கருவியோ ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து என்று காட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸைக் கூப்பிட்டால் மருந்தைப் பிடுங்கிவிடுவார்கள். அவ்வளவு மல்லுக்கட்டி வாங்கிய மருந்து. நாளைக்கு அவன் கதறினாலும், நீங்கதானே அதிகம்னு சொன்னீங்க என்பார்கள். விரல் அழைப்பு மணியின் மேல் இருந்தது, அமுக்க மனம் வரவில்லை. அடுத்த மூச்சும் வரவில்லை. அமுக்கிவிட்டாள்.

நர்ஸ் ஹோலி வந்து கருவியைப் பார்த்தாள். "நம்பர் நல்லாத்தானே இருக்கு மேடம்? அசந்து தூங்குறாரு."

"நம்பர் கிடக்கட்டும் கண்ணு. ஆளைப் பாரு."

"காலையில பத்தலைன்னு நீங்கதானே..."

"ஆமா. அதுவும் நான்தான், இதுவும் நான்தான். பாரு!"

ஹோலி அவனை உலுக்கினாள். அசைவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு சாம்பல் பூத்திருந்தது. "கறுப்புத் தோல்ல இந்த மெஷின் சில நேரம் கூட்டிக் காட்டும்," என்றாள். கத்தி ஆள் கூப்பிட்டாள். ஆக்சிஜன் முகமூடி வந்தது, மூச்சை அமுக்கிய வலிமருந்துக்கு நரம்பில் முறிமருந்து ஏறியது.

ஆல்டன் அலறிக்கொண்டு விழித்தான். முறிமருந்து மயக்கத்தோடு சேர்த்து வலிமருந்தின் குணத்தையும் துடைத்துவிட்டிருந்தது.

"ஐயோ என் காலு! எந்தப் பாவி என் மருந்தை நிறுத்துனது?"

"நான்தான்."

"நீயா? கட்டின பொண்டாட்டியாடி நீ? இரக்கமே கிடையாதா உனக்கு?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்ல முடியாததை எல்லாம் சொன்னான். வெர்லீன் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளாமல் அவன் நெஞ்சில் கை வைத்தாள்.

"திட்டு ராசா. நல்லா மூச்சை இழுத்துக்கிட்டுத் திட்டு."