விற்றவள் வாங்க வந்தபோது

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, கேட்டு வாங்கினேன். என் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்ட ஏணிமேல் நின்றிருந்த அண்ணி, சுத்தியலை இறக்கிவிட்டு, "அந்தக் கீப்பர் கம்பெனிய நான் வாங்கின கதைய உனக்குச் சொன்னேனா?" என்றாள். ஏணியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுப் பேனாவைத் தேட ஓடினேன். அண்ணி விழவில்லை. (விழுந்திருந்தால் அது வேறு கதை.)

(நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் ஊர் நம்பாது. அதனால் நடுநடுவே குறையும் சொல்வேன். எங்கள் இருவருக்கும் அது பழக்கம்தான்.)

2

முதல் தொடக்கம்: "விளையாட்டு என்பது வாழ்க்கையின்..." வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது: "சிறுவயது முதலே பந்தும் கையுமாக அலைந்த அவள்..." பொய். அண்ணி ஒரு பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். அண்ணி ஒரு கால்பந்து கிளப்பின் தலைமை நிர்வாகியாக இருந்தாள். டிக்கெட் விற்பனை, புல்தரைக்குத் தண்ணீர், பயிற்சியாளரின் கோபம், எல்லாம் அவள் தலையில். ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் அவள்தான். கடைசி இடத்தில் கிடந்த கிளப் அவள் காலத்தில் கோப்பையைத் தூக்கியது. அதைப் பார்த்து ஒரு முதலீட்டு நிறுவனம் அவளை அழைத்தது. கம்பெனிகளை வாங்கி, வளர்த்து, சில வருடங்களில் நல்ல விலைக்கு விற்பது அவர்கள் தொழில்.

"இத்தனை நாளா ஆளுங்கள வச்சுப் பண்ணினேன். இனிமே கம்பெனிங்கள வச்சுப் பண்ணப் போறேன், அவ்வளவுதான்" என்றாள்.

அண்ணன் மட்டும், "அப்போ சனி ஞாயிறு வீட்ல இருப்பியா?" என்று ஆசையாகக் கேட்டான். இருக்கவில்லை.

3

புது வேலையில் முதல் வருடம் அவள் கொண்டுபோன யோசனை ஒன்றுகூடக் கரையேறவில்லை. நிறுவனத்தின் மூத்த பங்குதாரர் அவளை 'விளையாட்டுக்காரம்மா' என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். அண்ணியும் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிப்பாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மறுபடி நடக்கவும் ஓடவும் வைக்கும் மையங்களை நடத்தும் ஒருவன் முதலீடு தேடுகிறான். பெரிய நிறுவனங்கள் வரிசையில் நின்றும் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவனாம்.

"எனக்கு அவனத் தெரியும். நான் போய்ப் பேசறேன்" என்றாள் அண்ணி.

எப்படித் தெரியும் என்று அவள் சொல்லவில்லை. ஆட்ட சீசனின் நடுவில் அவனை வேறொரு கிளப்புக்கு விற்றவள் அவள்தான். போன இடத்தில் அவன் மூட்டு உடைந்தது. அதன்பிறகு அவன் ஆடவே இல்லை.

4

கீப்பரின் மையம், முன்பு மரச்சாமான் கடையாக இருந்த பெரிய கூடம். தைல வாசனை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு பஸ் டிரைவர் நடை பழகிக்கொண்டிருந்தார். கீப்பர் அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வாங்க மேடம்."

"என்னை ஞாபகம் இருக்கா?"

"அன்னைக்கு என்னை வித்தீங்க. இன்னைக்கு வாங்க வந்திருக்கீங்க. வாங்க வந்தவங்கள வாங்கன்னுதானே சொல்லணும்."

(சத்தியமாக இந்தச் சிலேடை என்னுடையது இல்லை. பொறாமையோடுதான் எழுதுகிறேன்.)

'அண்ணியின் கண்கள் கலங்கின. "என்னை மன்னி..."'

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அண்ணிக்கு போன் செய்தேன். "ஒரு மன்னிப்பு கேட்டுட்டீங்கன்னா கதை நல்லா வரும் அண்ணி."

"நான் கேக்கலையே. நடக்காதத எழுதாத."

நடந்தது இதுதான்.

"அந்த விலைக்கு இன்னைக்கு யாராவது கேட்டாலும் வித்துடுவேன்" என்றாள் அண்ணி. "உன் இடத்துல நின்னவன்தான் கோப்பை வாங்கிக் குடுத்தான்."

கீப்பர் முதன்முறையாக நிமிர்ந்தான். "வித்தது தப்பில்ல மேடம். என்னை வித்த சேதிய டீம் பஸ்ல ரேடியோவுல கேட்டேன் பாருங்க, அதுதான் தப்பு."

அவனே கேட்டான்.

"சரி, இதை எப்போ விப்பீங்க?"

"அஞ்சு வருஷத்துல."

"யாருக்கு?"

"அதிகமா குடுக்கறவங்களுக்கு."

"மத்தவங்கள்லாம் 'நாம ஒரே குடும்பம்'னு சொன்னாங்க" என்று கீப்பர் சிரித்தான். "உங்களுக்கே தரேன். ஆனா ஒண்ணு. அடுத்த தடவை என் கையெழுத்து இல்லாம விக்கக் கூடாது."

5

மாடிப்படியில் நின்று மூத்த பங்குதாரருக்கு போன் செய்தாள்.

"அவன் சம்மதம் இல்லாம விக்க முடியாதுன்னா, நாம எதுக்கு வாங்கணும்? கிளம்பி வாம்மா."

"சாயங்காலம் கமிட்டிக் கூட்டம் இருக்குல்ல சார். அவனயும் கூட்டிட்டு வரேன். முடியாதுன்னா அவன் முகத்தப் பார்த்துச் சொல்லிடுங்க."

பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டாள். (குறை சொல்வேன் என்றேனே: அண்ணி எப்போதும் இப்படித்தான், என்னிடமும்.)

அவள் கார் ஓட்டிய வேகத்தில் கீப்பர் கைப்பிடியை விடவே இல்லை. அலுவலகம் போய்ச் சேர்ந்தால் லிஃப்ட் ஓடவில்லை. கூட்டம் ஏழாவது மாடியில். படிக்கட்டின் அடியில் மூத்த பங்குதாரர், முழங்காலில் கைவைத்து அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

"ஏறும்போது நல்ல கால முதல்ல வைங்க சார்" என்றான் கீப்பர். "அவசரம் இல்ல. நானும் மெதுவாத்தான் ஏறுவேன்."

அண்ணி பின்னால் ஏறினாள். மூன்றாவது மாடியில் பங்குதாரர் முனகலை நிறுத்தினார். ஐந்தாவதில், "உங்க சென்டர் ஞாயித்துக்கிழமை உண்டா?" என்று கேட்டார். அண்ணிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கமிட்டி அவளைப் பிழிந்து எடுத்தது. "கிளப்ல எங்க ஸ்டார் பிளேயருக்கு இதே ஷரத்து குடுத்தேன்" என்றாள். "கடைசி வரைக்கும் அவன் உயிரக் குடுத்து ஆடினான். எப்போ வித்துடுவாங்களோன்னு பயந்து ஆடறவன் அப்படி ஆட மாட்டான்." ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் யோசனை நிறைவேறியது. அந்த ஒரு வாக்கு யாருடையது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

6

ஐந்து வருடம் ஓடிவிட்டது. மையங்கள் பல மடங்கு பெருகிவிட்டன. இப்போது ஒரு பெரிய மருத்துவமனை நிறுவனம் மொத்தத்தையும் கேட்டு வந்திருக்கிறது. யாரும் எதிர்பார்க்காத விலை. கீப்பர் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டம் திங்கட்கிழமை. இந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போவது வெள்ளிக்கிழமை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முடிவு ஒன்று: போடுகிறான். எல்லோரும் கைதட்ட, அவன்...

முடிவு இரண்டு: போடவில்லை. அண்ணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி...

(பெனால்டி உவமை ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே விடமாட்டேன்.)

"உங்களுக்கு எது வேணும் அண்ணி?"

"அவன் போடலன்னா என் வேலை போயிடும். போட்டான்னா என் தூக்கம் போயிடும்" என்றாள். முகம் மட்டும் கோப்பை ஆட்டத்துக்குப் போகிறவள் முகம்போல் ஜொலித்தது.

நேற்று கீப்பர் அவளைப் போனில் கூப்பிட்டிருக்கிறான். விலையைப் பற்றிப் பேசவில்லை. "இதையும் வித்துட்டா, நீங்க எங்க போவீங்க மேடம்?" என்று கேட்டிருக்கிறான். எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கும் என் அண்ணி, "திங்கட்கிழமை சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்காக நான் சில பதில்களை எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உங்களுக்கு நல்லதாக ஒன்று தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்கான சட்டையை அவள் இஸ்திரி போட்டு எடுத்து வைத்துவிட்டாள்.