இருவருக்கு ஒரு தூக்கம்

மெத்தைக்காரியும் ரொட்டிக்காரியும் பத்து வயதுக்குப் பிறகு ஒருமுறைகூட ஒரே நேரத்தில் தூங்கியதில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு தூக்கம்தான் இருந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் ரொட்டிக்காரி கண்ணை மூடியிருக்கும்வரை, இந்தக் கரையில் மெத்தைக்காரிக்கு எவ்வளவு அசதியானாலும் இமை ஒட்டாது. அவள் விழித்தால் இவள் கோணி ஊசியைப் பிடித்தபடியே சாய்ந்துவிடுவாள். ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறவளுக்கு இப்படியா என்று முதலில் கேலி செய்தார்கள். பிறகு கேலியும் அலுத்துப்போய், வேலை கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, "அக்கா முழிச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வரப் பழகிக்கொண்டார்கள்.

இது கலகத்தின் முதல் நாளில் வந்த வினை. அப்போது இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மெத்தைக்காரியின் வீட்டார் நின்றபடி கும்பிடுகிறவர்கள். ரொட்டிக்காரியின் வீட்டார் மண்டியிட்டுக் கும்பிடுகிறவர்கள். அதுவரை அந்த வித்தியாசத்தால் தெருவில் நடந்ததெல்லாம், ஒருத்தியின் பாவாடை முழங்காலில் சீக்கிரம் கிழிந்தது, அவ்வளவுதான். அன்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவின் இரண்டு முனையிலும் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. இருவரும் மெத்தைக்காரி வீட்டு மெத்தைக் கடையின் பஞ்சறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அழுது அழுது களைத்துப்போனபின், ஒருத்தி தூங்கினால் மற்றவள் காவல் இருப்பது என்று முடிவானது. சத்தியம் செய்யும்போதுதான் தவறு நடந்தது. தன் சாமி மேல் ஆணையிட்டால், நம் வீட்டுப் பிள்ளைதானே என்று மன்னித்துவிடும், அடுத்த வீட்டுச் சாமிதான் கறாராக இருக்கும் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்தார்கள். மண்டியிடுகிறவள் எழுந்து நின்றாள். நிற்கிறவள் மண்டியிட்டாள்; பஞ்சில் இடுப்புவரை மறைந்துபோனாள். "நீ எழுந்திரிக்கிற வரைக்கும் நான் கண்ண மூட மாட்டேன்" என்று ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். இரண்டு சாமிகளும் அதைக் காதில் வாங்கிக்கொண்டன.

முதலில் ரொட்டிக்காரி தூங்கினாள். தூக்கம் கலையும் முன்பே அவள் அப்பா பின்பக்கமாக வந்து, தலையெல்லாம் பஞ்சோடு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்துவிட்டார். காவலை மாற்றிக்கொள்ள ஆளில்லாமல் மெத்தைக்காரி உட்கார்ந்திருந்தாள்.

அம்மா அவளைத் தங்கள் குருவிடம் கூட்டிப்போனாள். அவர் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "சத்தியத்தை வாங்கினவங்கதாம்மா விடுதலை குடுக்கணும். இது நம்ம கையில இல்ல" என்று கையை விரித்தார். வாங்கிய சாமியைக் கும்பிடும் கூடம் அந்தக் கரையில் இருந்தது. பாலத்தில் முள்கம்பி வந்தது, பிறகு காவல்சாவடி, பிறகு மணல்மூட்டை. பஞ்சு விலை ஏறியது, இறங்கியது. அம்மா போய்ச் சேர்ந்தாள். மெத்தைக்காரிக்குக் கல்யாணம் நடந்தது. நல்ல மனிதர்தான், அடுத்த அறையில் படுத்துக்கொள்வார்.

கடிதமோ தகவலோ இல்லாமலே அந்தக் கரையில் நடப்பது அவளுக்குத் தெரியவந்தது. ஒரு வருடம் இரவு முழுக்க நல்ல தூக்கம் வந்தது. தோழி தன் அப்பாவின் ரொட்டி அடுப்பை ஏற்று நடத்துகிறாள், ராத்திரி ரொட்டி போடுகிறாள் என்று புரிந்தது. மாவு வராத மாதங்களில் அடுப்பு அணைந்து ரொட்டிக்காரி ஊரோடு படுத்தாள். இவள் விடியும்வரை தைத்தாள். பிறகொரு சமயம் இரவு துண்டுதுண்டாக உடைந்தது, அரைமணி தூக்கம், ஒருமணி விழிப்பு. "பல்லு முளைக்குது போல" என்றாள். "யாருக்கு?" என்று கணவர் திடுக்கிட்டுக் கேட்டார். அந்தக் குழந்தைக்கு உடம்பு சுகமாகிற வரை இருவரும் மாறி மாறி விழித்தார்கள், ஒருத்தி தொட்டிலருகே, ஒருத்தி தையலருகே. இந்தக் கரைப் பீரங்கிகள் அந்தக் கரையைச் சுட்ட வாரங்களில் மெத்தைக்காரி அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். ஊர் வெடிச்சத்தத்தை எண்ணி மகிழ்ந்துகொண்டிருக்க, இவள் எழுந்ததும் அழுவாள். நன்றாகத் தூங்கியதற்காக அழுத ஒரே பெண் அவள்தான்.

சண்டை ஓய்ந்த மாதத்தில், கணவரும் இறந்து அவள் தனியாக இருந்தபோது, தூக்கம் அடியோடு நின்றது. இரவிலும் வரவில்லை, பகலிலும் வரவில்லை. கத்தரிக்கோலை உள்ளே வைத்து மெத்தையைத் தைத்து மூடினாள். சுவரிடம் பஞ்சு விலை பேசினாள். தோழி படுத்தவள் எழவில்லை என்பது தெளிவு. உயிர் இருக்கிறது, அதனால்தான் தூங்குகிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் இனிமேல் தனக்குத் தூக்கம் வந்தால், அவள் எழுந்துவிட்டாளா, போய்விட்டாளா என்று எப்படித் தெரியும்? இத்தனை காலம் தூக்கத்துக்கு ஏங்கியவள், அது வந்துவிடுமோ என்று பயப்பட ஆரம்பித்தாள்.

பாலத்தைக் காலையில் திறந்து மாலையில் மூடுவதாக அறிவித்த முதல் நாளே கிளம்பினாள். காவல்காரர் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு ஊசியையும் நூலையும் விட்டுவிட்டார். ரொட்டிக்கடையில் அடுப்பு அணைந்திருந்தது. வாசலில் நின்ற இளம்பெண் இவளுடைய சிவந்த கண்களைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டாள்.

"உள்ள வாங்க பெரியம்மா. கடைசி நாள் குண்டுல அண்ணன் போயிட்டான். அன்னைக்குப் படுத்தவங்க அம்மா, இன்னும் எழுந்திரிக்கல."

அண்ணன் என்றால் பல் முளைத்தபோது இவளையும் தூங்கவிடாத பிள்ளை. குண்டு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது. எழுந்திருடி, என் முறை என்று உலுக்கத்தான் வந்திருந்தாள். நரைத்த தலையையும் ஒட்டிய கன்னத்தையும் பார்த்தபிறகு கை நீளவில்லை. வெறுமனே மெத்தையை அழுத்திப் பார்த்தாள். பஞ்சு கட்டிதட்டிக் கல்லாகக் கிடந்தது. இதில் எப்படித்தான் படுக்கிறாளோ என்று மனசு தாங்கவில்லை. மகளும் அவளுமாக ரொட்டிக்காரியைப் பாயில் இறக்கினார்கள். பல்லால் நூலைக் கடித்து மெத்தையைப் பிரித்து, பஞ்சைக் கையாலேயே உதிர்த்து, மறுபடி அடைத்துத் தைத்து, தோழியைத் தூக்கி அதில் படுக்கவைத்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஓரத்தில் மிச்சமிருந்த கடைசி முடிச்சைக் கடிக்கும்போது ரொட்டிக்காரி கண் திறந்தாள். தன்மேல் குனிந்திருந்த, தலையெல்லாம் பஞ்சான கிழவியைப் பார்த்தாள்.

"இன்னுமா முழிச்சிட்டிருக்க?"

"உம் பையன்..." என்று தொடங்கிய மெத்தைக்காரி அதற்குமேல் முடியாமல் அப்படியே சரிந்தாள். ரொட்டிக்காரி நகர்ந்து இடம் கொடுத்து, எழுந்து உட்கார்ந்து, அவள் வாயிலிருந்த நூலை எடுத்தாள். பிறகுதான் மகனுக்காக அழுதாள், சத்தமில்லாமல், பக்கத்திலிருப்பவள் தூக்கம் கலையாதபடி.

"இப்பதான் ஒரே கரையில இருக்கீங்களே. ரெண்டு கூடத்துக்கும் போய்ச் சத்தியத்தைத் திருப்பி வாங்கிட்டா என்னம்மா?" என்றாள் மகள்.

"வாங்கிட்டா, அப்புறம் இவ இருக்காளா இல்லையான்னு நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

மாலையில், கணக்கில் ஒரு ஆள் குறைகிறது என்று பாலத்துக் காவல்காரர் தேடிக்கொண்டு வந்தார். கட்டிலைக் காட்டினார்கள். எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டார்.

"நான் தூங்கறதுக்கு முன்னாடி."

"நீங்க எப்ப தூங்குவீங்க?"

"எனக்கு இப்போதைக்குத் தூக்கம் வரல தம்பி" என்றாள் ரொட்டிக்காரி.

அவர் கத்தரிக்கோலை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்ப் பாலத்தை மூடினார். ரொட்டிக்காரி மகளிடம் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள்.