எஞ்சினுக்கு வைத்த பொட்டு

நல்ல வெயிலில் அந்த ஜீப்பைப் போல உழைக்கிற வண்டி வெண்ணந்தூர் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. நாலு தூறல் விழுந்துவிட்டால் அதற்கு வராத சீக்கும் கிடையாது. எழுபத்தெட்டில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பெட்ரோல் ஜீப். மயில்சாமி அதைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு பானட்டைத் திறந்து, எஞ்சினில் ஒரு பாகம் விடாமல் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

இன்றைக்கு அதே மயில்சாமி அதே ஜீப்பின் பின்பக்கத்தில், மனைவி சௌந்திரத்தின் மடியில், வாயில் நுரை தள்ளக் கிடந்தார். காலையில் பருத்திக்கு மருந்தடிக்கப் போனவர். முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகி சட்டையெல்லாம் மருந்தில் ஊறியிருக்கிறது. எடுத்த வேலை முடியட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார் அந்தப் பிடிவாதக்கார மனிதர். மத்தியானம் வரப்போரம் விழுந்து கிடந்தார். சௌந்திரம் சட்டையைக் கிழித்தெறிந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, அவர் தம்பி தீர்த்தகிரியை வண்டியை எடுக்கச் சொன்னாள். சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் உயிர் தங்கும். வேறு வழி எதுவும் இல்லை.

வெண்ணந்தூரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது, எதிரே ரோடே தெரியவில்லை. மல்லூர் போவதற்குள் ஜீப் தன் குணத்தைக் காட்டிவிட்டது. எஞ்சின் விட்டு விட்டு ஓடி மிஸ் அடித்தது, குலுங்கியது, ஒரு புளியமரத்தடியில் நின்றேபோனது.

தீர்த்தகிரி இறங்கி பானட்டைத் தூக்கினான். நாலு பிளக்குக்கும் கரன்டைப் பங்கு போட்டு அனுப்புகிற கறுப்பு மூடி ஒன்று உண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்பார்கள். அதில் ஈரம் பட்டால் கரன்டு பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே ஓடிவிடும். மூடியைத் துண்டால் துடைத்து ஸ்டார்ட் செய்தான். வண்டி கிளம்பி ஒரு பர்லாங்கு போய் மறுபடி நின்றது. மறுபடி துடைத்தான். இந்த முறை அந்த ஒரு பர்லாங்குகூடப் போகவில்லை. எதிரில் வந்த லாரியைக் கைகாட்டி மறித்தான். அது சேற்றுத் தண்ணீரை அவன்மேல் வாரி அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

பின்னால் மயில்சாமிக்குச் சளி அடைத்து மூச்சு கொரகொரத்தது. இந்த ரோட்டிலேயே இவர் போய்விடுவார், நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று நினைத்தாள் சௌந்திரம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு இறங்கினாள். வண்டியில் கிடந்த காலி உரச்சாக்கின் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பையை உருவிக் கிழித்து, எஞ்சினுக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, கொழுந்தனை மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.

அப்போதுதான் பார்த்தாள். மழை இருட்டில், கறுப்பு மூடியின் மேல் நீலமாக ஒரு பொறி ஓடியது. உச்சியில் இருந்த குங்குமப் பொட்டிலிருந்து, பக்கத்தில் பட்டையாக இழுத்திருந்த சந்தனத்தின் வழியே இறங்கி, இரும்பில் போய் அணைந்தது. தீர்த்தகிரி மூடி முழுக்கத் துடைத்திருந்தான், பூஜைப் பொட்டை மட்டும் விட்டுவிட்டு. ஈரத்தைக் குடித்திருந்த அந்தச் சந்தனம்தான் கரன்டுக்கு வழி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனுக்கும் உடனே புரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு வந்து துண்டோடு கையை நீட்டினான். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"பூசைப் பொட்டுங்க நங்கை. அண்ணன் இப்படிக் கெடக்கறப்ப..." என்றான். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவன் சொல்லாமல் விட்டது அவளுக்குத் தெரியும். கட்டினவன் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது குங்குமத்தை அழிப்பதைவிடக் கெட்ட சகுனம் ஒரு பெண்ணுக்கு உண்டா? அவளுக்கும் பயம்தான். ஆனால் பயந்துகொண்டு நிற்பதற்கு அங்கே நேரம் இல்லை.

"இதெப் புடிங்க தம்பி" என்று பிளாஸ்டிக்கை அவன் கையில் திணித்தாள்.

முந்தானையின் நனையாத பக்கத்தைத் தேடி எடுத்து மூடியை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் சேலையில் இழுபட்டது. ஒயர் சொருகிய இடுக்கில் இருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தாள். தீர்த்தகிரி எந்தச் சாமியையோ வேண்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். அப்புறம் அவனே டப்பாவிலிருந்து கிரீஸை எடுத்து மூடியின் விளிம்பைச் சுற்றிப் பூசினான். பிளாஸ்டிக்கில் ஒரு துண்டைக் கிழித்து மூடிமேல் சுற்றிச் சணலால் கட்டினார்கள். ஃபேன் மழையை உள்ளே இழுக்காமலிருக்க ரேடியேட்டருக்கு முன்னால் அந்த உரச்சாக்கைத் தொங்கவிட்டார்கள்.

வண்டி உடனே பிடித்துக்கொண்டது. அத்தனை மழையிலும் ஒரு மிஸ் இல்லாமல் ஓடியது. மல்லூர் போனது, சேலத்துக்குள்ளும் நுழைந்தார்கள். எஞ்சின் சீராக ஓட ஓட, அவள் மடியில் அவர் மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. என் கையால் அழித்தேனே, என் கையால் அழித்தேனே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவரை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். ஊசி போட்டிருக்கிறோம், காத்திருங்கள் என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. தீர்த்தகிரி, பொட்டு மழையில் கரைந்துபோனது என்று வீட்டிலிருக்கிற தன் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றான். நல்ல பையன். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் ஊர் வாய் அவளை என்ன பாடு படுத்தும் என்று யோசித்திருக்கிறான்.

"வேண்டாந் தம்பி. பொழைச்சாலும் நாந்தான் தொடைச்சேன். பொழைக்காட்டியும் நாந்தான் தொடைச்சேன். கேட்டா அப்படியே சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

கதவு திறந்தது. ஊசி மருந்தின் வேகத்தில் நோயாளி திமிறுகிறார், மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள். சௌந்திரம் ஓடினாள். மயில்சாமிக்கு அவளை யாரென்றே தெரியவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டினார், காலால் உதைத்தார். குங்குமக் கறை போகாத கைகளால் அவர் மணிக்கட்டு இரண்டையும் கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திட்டட்டும். திட்டுவதற்கு மூச்சு வேண்டுமல்லவா, அது விடாமல் வந்துகொண்டிருந்தது.