நவம்பரில் எடுத்த சட்டை

1

இந்தக் கதை எனக்கு அரியலூர்த் துணிக்கடை ஒன்றில் கிடைத்தது. நவம்பர் மாதம், மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி கிழிக்கச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண் குரல்கள்.

"இப்பவே எடுத்துடுவோம்."

"இப்ப எதுக்கு அத்தை? ஆத்துமாக்கள் மாசம் முடியாம துணிக்கடைப் படி ஏறக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். எடு."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகத்தைப் பார்த்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த 'எடு' கூடவே வந்தது. அதட்டல் என்றுதான் நினைத்திருந்தேன். குன்னம் தாண்டும்போது, அந்தக் குரல் பயந்துபோயிருந்தது என்று பட்டது.

எதற்குப் பயம்? இனி வருவதெல்லாம் நானாகக் கட்டுவது.

2

முதல் தொடக்கம்: 'ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் செபஸ்தியம்மாள் என்று ஒரு…' விட்டுவிட்டேன். 'ஒரு கிராமத்தில்' என்று தொடங்கினால் படிப்பவர் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இரண்டாவது: 'கிறிஸ்துமஸ் வேலைகளை எப்போது தொடங்க வேண்டும், துணிமணி எப்போது எடுக்க வேண்டும் என்பது குறித்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இரு வேறு…' பங்குக் கோவில் மலருக்குக் கொடுக்கலாம். ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான். அதை வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, பேச்சு:

"அம்மா, வேற கேம்ப்புக்கு மாத்துறாங்க. பாலைவனத்துக்குள்ள. டவர் இருக்காதாம். நானே கூப்புடுறேன்."

செபஸ்தியம்மாளின் ஒரே மகன் லியோ பிரபு, வெளிநாட்டில் கட்டட வேலை. செப்டம்பரில், வேளாங்கண்ணிக் கொடி இறங்கிய வாரத்தில் இதைச் சொன்னான். அதன் பிறகு போன் வரவில்லை.

(தேடவில்லையா என்பீர்கள். தேடினார்கள். அனுப்பிவைத்த ஏஜென்ட்டின் நம்பர் அணைந்து கிடந்தது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தார்கள். விசாரிப்பதாகச் சொன்னார்கள், விசாரித்துக்கொண்டும் இருக்கலாம். அந்த அலைச்சலை எழுதினால் வேறு கதையாகிவிடும். எனக்குத் துணிக்கடைதான் வேண்டும்.)

3

எழுதிய வரைக்கும் துறைமங்கலம் புவனேஸ்வரிக்குப் போனில் படித்துக் காட்டினேன். என் எல்லாக் கதைகளுக்கும் முதல் காது அவளுடையது. குறுக்கே பேசாமல் அவளுக்குக் கேட்கத் தெரியாது.

"ஒரு நிமிசம்க்கா. நவம்பர்ல துணி எடுத்தா என்னவாம்?"

"எங்க ஆளுங்களுக்கு நவம்பர் செத்தவங்க மாசம். கல்லறைத் திருநாள்ல தொடங்கி மாசம் பூரா அவங்களுக்குத்தான் செபம். அது கழிஞ்சு திருவருகைக் காலம் பொறந்தாத்தான் கிறிஸ்துமஸ் பேச்சே. எல்லா வூட்லயும் இல்ல. செபஸ்தியம்மா வூட்டு வழக்கம்னு வச்சுக்க."

"எங்க ஆடி மாதிரி."

"ஆடித் தள்ளுபடின்னா கடை தொறக்கும்போதே நிக்கிறவ பேசுற பேச்சா இது?"

"நான் எடுத்து வைப்பேன், கட்ட மாட்டேன். அத வுடுங்க. வழக்கம்னு சொன்ன கெழவியே எதுக்கு அவசரப்படுது?"

"சாவு விழுந்த வூட்ல அந்த வருசம் பண்டிகை கெடையாது. வாசல்ல ஸ்டார் கட்ட மாட்டாங்க. புதுத்துணி எடுக்க மாட்டாங்க."

புவனேஸ்வரி பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"செய்தி வந்துட்டா அப்பறம் எடுக்க முடியாதுன்னா?"

"ஆமா."

"மருமவளுக்கு இது புரிஞ்சிருக்கா?"

"புரிஞ்சுதான் வேணாங்குறா."

4

மருமகள் பெயர் ஷாலினி மேரி. இவளை எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். செய்தி இவளுக்கு முன்பே வந்துவிட்டது, மாமியாரிடம் மறைக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். கடையில் கேட்ட குரல் எதையும் ஒளித்து வைத்த குரல் இல்லை.

திரும்பவும் கடைக்குப் போகிறேன். விற்கிற பெண்ணுக்கு ஹேமலதா என்று பெயர்.

"சட்டை யாருக்கும்மா?"

"மவனுக்கு. நாப்பது சைசு."

"அத்தை, உங்களுக்கு ஒரு பொடவை எடுங்க, போவோம். அவருக்கு அவரு வந்து எடுத்துக்குவாரு."

"எனக்கென்ன பொடவைக்குப் பஞ்சம்? போற அன்னிக்கு நீ நான்னு கொண்டாந்து போத்துவாங்க."

"எந்த நேரத்துல என்ன பேச்சு பேசுறீங்க!"

ஹேமலதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கட்டம் போட்டது காட்டவா, ப்ளெயினா?"

"கட்டம் வேணாம். லுங்கியத் தச்சுப் போட்ட மாதிரி இருக்கும்பான்."

"இப்ப கட்டந்தான் போடுறாரு," என்றாள் ஷாலினி. சொல்லியிருக்கக் கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு அப்பறம்."

"ஓ. அப்ப நீயே எடு."

எடுத்தாள். நீலத்தில் சிறு கட்டம். ஹேமலதா மடித்துப் பையில் போட்டபடி, தினமும் நூறு பேரிடம் சொல்வதை இவர்களிடமும் சொன்னாள்.

"பத்தலைன்னா மாத்திக்கலாங்க. ஒரு வாரத்துக்குள்ள ஆளக் கூட்டியாந்து போட்டுப் பாருங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். ஷாலினிதான் ஆரம்பித்தாள்:

"செய்தி வந்துடும்னு நெனைக்கிறீங்க."

"நான் எதையும் நெனைக்கல."

"பின்ன என்ன அவசரம்? டிசம்பர்ல கடை இருக்காதா?"

"கடை இருக்கும்டி."

[இந்த இடத்தில் ஷாலினி அழுதாள் என்று எழுதி, எடுத்துவிட்டேன். ஏலாக்குறிச்சி பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது.]

5

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் செபஸ்தியம்மாள் பரணைக் காட்டினாள்.

"ஸ்டார எறக்கு."

"ஒயரு இழுத்து மாட்டுறது அவரு வேல. போன் பண்ணி, மாட்டுன்னு சொல்லட்டும். மாட்டுறேன்."

"தெருவுல கட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

"கட்டட்டும். சட்டை உங்க இஷ்டத்துக்கு எடுத்தாச்சுல்ல? ஸ்டார் என் இஷ்டம்."

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு ஒரே வீட்டில் இரண்டு பதில். ஒருத்திக்குச் செய்தி வருவதற்குள். இன்னொருத்திக்கு அவன் குரல் வந்த பிறகு. இதில் யார் பக்கம் நிற்பதென்று எனக்கே தெரியவில்லை. செபஸ்தியம்மாள் வயதுதான் எனக்கும், ஆனால் எழுதும்போது மருமகள் சொல்வதுதான் நியாயமாகக் கேட்கிறது.

டிசம்பரில் ஒவ்வொரு நாளும் இன்னொரு வாசலில் வெளிச்சம் ஏறியது. இவர்கள் வாசல் மட்டும் இருட்டு. முறுக்கு அச்சு வாங்க வருடா வருடம் வரும் பக்கத்து வீட்டுக்காரி இந்த வருடம் வரவில்லை. எதிர்வீட்டு டிவியின் சத்தம் குறைந்தது. யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, தெரு தானாக ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அதை இருவரும் கவனித்தார்கள்.

6

கேரல்ஸ் பாட வருகிறார்கள். விளக்கு வைக்கும் நேரம். வாசல் வாசலாக நின்று பாடிவிட்டு நகரும் கூட்டம். முன்னால் ட்ரம், பின்னால் வயிற்றில் தலையணை கட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா. பாடுகிறவர்களுக்குத் தலைவன் அருள் பிரகாஷ், லியோவின் கூட்டாளி. அவனுடைய மச்சானும் அதே வெளிநாட்டில்தான் வேலை பார்க்கிறார்.

செபஸ்தியம்மாள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ட்ரம் நெருங்கியது. வாசலுக்கு வந்ததும் நின்றது. கால் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வீட்டு வாசலில் ட்ரம் மறுபடி தொடங்கியது.

ஷாலினி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏன் அத்தை பாடல?"

"தாண்டிப் போயிட்டாங்க."

"அதான் ஏன்?"

"சாவு வூட்டு வாசல்ல பாட மாட்டாங்கல்ல."

(ஸ்டார் இல்லாததைப் பார்த்து அருள் தப்பாக நினைத்திருக்கலாம். இல்லை, மச்சானிடமிருந்து ஏதாவது வந்திருக்கலாம். எனக்கும் தெரியாது. ஷாலினி இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அவள் கால் தெருவில் இருந்தது.)

"அருளு, நில்லு!"

"அண்ணி…"

"எங்க வூட்ல யாரு செத்தா?"

பாட்டு அறுந்தது. ஆடிக்கொண்டிருந்த கிறிஸ்துமஸ் தாத்தா தூக்கிய காலை இறக்காமல் நின்றார்.

"சொல்லு. யாரு செத்தா?"

7

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

"ஸ்டார் இல்லையேன்னு நாங்களா நெனச்சுட்டோம் அண்ணி. தப்புதான், மன்னிச்சுக்குங்க."

"நேத்து மச்சான் பேசுனாரு அண்ணி. நானே வந்து சொல்லணும்னுதான்…"

புவனேஸ்வரி, "மொத முடிவையே வைங்கக்கா," என்றாள்.

"நான் எழுதுனா அப்படி ஆயிடுமா?"

"ஆவாது. இருந்தாலும் வைங்க."

வைக்கத்தான் போனேன். அருளின் வாயில் அந்த வார்த்தைகளைப் போடுவதற்குள் செபஸ்தியம்மாள் பேசிவிட்டாள். நான் அவளுக்காக எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"அருளு. எதுவா இருந்தாலும் அப்பறம் சொல்லு. மொதல்ல உள்ள வந்து பாடு."

"பெரியம்மா, அது வந்து…"

"பாடுடான்னா பாடு."

வந்தார்கள். அந்தச் சின்னக் கூடத்தில் ட்ரம் காதை அடைத்தது. ஷாலினி கதவோரம் நின்று அருளின் முகத்தையே பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். பாடும்போது எப்போதும் இப்படித்தான் மூடிக்கொள்வானா? அவளுக்கு நினைவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோது அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கப் போனான்.

"இன்னொன்னு," என்றாள் செபஸ்தியம்மாள்.

அதையும் பாடினார்கள்.

"இன்னொன்னு."

தெருவில் இன்னும் வாசல்கள் காத்திருக்கின்றன. ட்ரம் அடிப்பவனுக்குக் கை நோகிறது. ஷாலினி ஒரு அடி முன்னால் வைத்து, திரும்பவும் கதவுக்கே போய்விட்டாள். நான் பேனாவை மூடிவிட்டேன். பாடச் சொன்னவள் செபஸ்தியம்மாள், நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இதுவரை படித்துக்கொண்டு வந்தவர் நீங்கள். போதும் என்று சொல்வதானால், இந்தப் பாட்டு முடிகிற இடத்தில் சொல்லுங்கள்.