கரண்டி என்கிற ஆந்த்ரேஸ் கஸ்தீயோ

பால்மா சோலாவில் நடுத்தெருவில் நின்று "ஆந்த்ரேஸ் கஸ்தீயோ!" என்று கத்திப் பாருங்கள், ஒரு நாய்கூடத் திரும்பாது. அந்தப் பேரில் ஊருக்குள் ஏழு பேராவது இருந்தார்கள். அதில் நாலு பேர் பேர்போனவர்கள். ரேடியோவில் காதல் பாட்டுப் பாடி தலைநகர் வரை போனவன் ஒருவன். அவனுக்கு ஊரில் ஜலதோஷம் என்று பேர். மூன்று மாகாணங்களில் சேவல் சண்டையில் தோற்காதவன் ஒருவன்; அவன் கொண்டை. கரும்பாலை அணிக்கு இடது கையால் பந்து வீசி, அப்புறம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தவர் கரண்டி. ஞானஸ்நானத்தில் வைத்த பேரெல்லாம் பாதிரியாரோடு சரி. செத்த பிறகு சவப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான், "அட, நம்ம ஆளுக்கு இதுவா பேரு?" என்பார்கள்.

நாலாவது ஆளுக்கு மட்டும் பட்டப்பேர் கிடையாது. அவன் கர்னல். அவனுக்குப் பட்டப்பேர் வைக்கிற துணிச்சல் ஊரில் எவனுக்கும் வரவில்லை. ஆகவே ஆந்த்ரேஸ் கஸ்தீயோ என்று எங்கேயாவது எழுதியிருந்தால், அது கர்னல்தான். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐம்பத்தைந்து வயதான, முப்பது வருஷம் பிள்ளைகளின் தப்பையெல்லாம் திருத்திய தில்சியா டீச்சருக்குத் தெரியாமல் போயிற்று பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது, மைதானத்து வாசல் வளைவில் ஏணி போட்டு பெயிண்டர் வேலை செய்துகொண்டிருந்தான். "விளையாட்டு மைதானம் ஆந்த்ரேஸ் கஸ்தீயோ" என்று நீல எழுத்து பளிச்சென்று இருந்தது. தில்சியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவளுடைய அப்பாதான் கரண்டி. அவர் கரும்புக்கட்டையைப் பிடுங்கி, கல் பொறுக்கி, தன் கையால் சமப்படுத்திய மைதானம் அது. மனுவைத் திருத்தி எழுதி, வீடு வீடாகப் போய் அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவள் அவள். பெயிண்டர் எழுத்துக்குப் பக்கத்தில் முகம் வரைய ஆரம்பித்திருந்தான். அவள் நின்று பார்த்தாள். முதலில் தொப்பி வந்தது. பேஸ்பால் தொப்பி இல்லை. பித்தளைக் கழுகு வைத்த ராணுவத் தொப்பி.

"ஏய், யார் மூஞ்சிடா அது?"

"கர்னலோடது டீச்சர். கவுன்சிலர் போட்டோ குடுத்தாரு. மீசை எப்பிடி வரணும்னு நீங்களே சொல்லுங்க, நீங்க நேர்ல பாத்திருப்பீங்க."

பார்க்காமலா! ஆலை வேலைநிறுத்தத்தின்போது கர்னல் லாரியில் சிப்பாய்களோடு வந்து இறங்கியது இதே மைதானத்தில்தான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கேட்டான். அப்பாவின் முறை வந்தபோது அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் பேரை வச்சுக்கிட்டு ஸ்டிரைக்கா பண்ற?" என்றான். அப்பாவின் இடது கையை, பந்து அடிக்கிறவன் நிற்கும் நிலைக்கல்லின் மேல் வைக்கச் சொல்லி, துப்பாக்கிக் கட்டையால் இரண்டு அடி. அந்தக் கை அப்புறம் பந்தைப் பிடிக்கவே இல்லை. சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

தில்சியா நேரே நகரசபைக்குப் போனாள். அங்கே இருந்த கவுன்சிலர் அனிபால் கர்னலின் மகன். ஊருக்கு அவன் பூசணி. மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு வராமல் அவள் முன்னால் மூக்கு ஒழுக அழுத பயல்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. நன்றி சொல்ல வந்தீங்களா?" மேசை இழுப்பறையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினான். "இது உங்க கையெழுத்துதானே? 'நம் ஊரின் அருமை மகன் ஆந்த்ரேஸ் கஸ்தீயோவின் பேரை மைதானத்துக்கு வைக்க வேண்டுகிறோம்.' கேட்டீங்க, வச்சாச்சு."

"அது எங்கப்பன்டா!"

"எங்கப்பாவுக்கும் அதே பேருதான். இதுல கரண்டின்னு ஒரு வார்த்தை இருக்கா? காட்டுங்க, இப்பவே மாத்திடறேன்."

"அறுநூறு பேரும் யாரை நெனச்சுக் கையெழுத்துப் போட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"நெனப்பையெல்லாம் பதிவேட்டுல ஏத்த முடியாது டீச்சர். சட்டத்துக்குப் பட்டப்பேர் தெரியாது." சிரித்தான். அப்பனின் அதே சிரிப்பு. அவளுக்கு மேசை மேலிருந்த மசிக்கூட்டை எடுத்து மூஞ்சியில் வீசலாம் போல இருந்தது.

வெளியே வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. யாரையாவது திட்டியே ஆக வேண்டும். ரேடியோ அறிவிப்பாளன் ஃப்ரேமியோ வாதாம் மரத்தடியில் டொமினோக் கட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தான். தவளை என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவளோடு ஒன்றாகப் படித்தவன். அப்பாவிடம் பந்து வீசக் கற்றவன்.

"மனுவை முதல்ல எழுதினது நீதானே? ஒழுங்கா எழுதியிருந்தா இந்தக் கதி வருமா?" என்று வெடித்தாள்.

அவன் கட்டையைக் கீழே வைத்தான். "நான் ஒழுங்காத்தான் எழுதினேன். 'கரண்டி என்கிற ஆந்த்ரேஸ் கஸ்தீயோ'ன்னு. கரண்டியைச் சிவப்பு மையால அடிச்சது யாரு? நானா?"

பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்து கட்டைகளை எண்ணினார்கள்.

"உங்கப்பா செத்த அன்னைக்கும் இதே கூத்துதான்," ஃப்ரேமியோ விடவில்லை. "நீ எழுதிக் குடுத்த ஞானஸ்நானப் பேரை அப்பிடியே ரேடியோவில படிச்சிருந்தா, எவனோ கர்னலோட சொந்தக்காரன் செத்தான்னு பதினோரு பேர் வந்திருப்பான். நான் 'நம்ம கரண்டி போயிட்டாரு'ன்னு சொன்னேன். கல்லறைக்குப் போற ரோடு அடைச்சுப்போச்சு. அதுக்கு நீ ரெண்டு வருஷம் எங்கூடப் பேசல!"

"அந்தப் பேரைச் சொல்லாதே!"

"உனக்கும் ஒரு பேர் இருக்கு, தெரியுமா? சிவப்பு மை. முப்பது வருஷமா ஊரே உன்னை அப்பிடித்தான் கூப்பிடுது. நீ என்ன செத்தா போயிட்ட?"

அவள் வீட்டுக்கு நடந்தாள். தனக்குப் பட்டப்பேர் இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அப்பாவுக்கு அந்தப் பேர் வந்தது பசியால். தகப்பன் யாரென்று தெரியாது, தாயும் செத்துப்போனாள். ஆறு வயதில், ஆலை லைன் வீடுகளில் சாப்பாட்டு நேரம் பார்த்து ஒவ்வொரு வாசலிலும் வந்து நிற்பாராம், கால்சட்டைப் பையில் சொந்தமாக ஒரு கரண்டியோடு. "தட்டு வேணாம் அக்கா, சட்டியிலேருந்தே எடுத்துக்கறேன்" என்பாராம். அவர் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். மகளுக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். ஒன்பது வயதில் அவள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கரண்டியால் பெஞ்சைத் தட்டுவார்கள். டக், டக், டக். அதிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னதே இல்லை. சமையலறையில் இருக்கிற கரண்டியைக் கேட்பதென்றால்கூட "அதை எடு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. வளைவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பேண்டு வாத்தியம், தீர்த்தத்தோடு பாதிரியார், சீருடையில் இரண்டு அணிப் பிள்ளைகள். வாழைக்காயும் சலாமி இறைச்சியும் வறுக்கிற பெண்கள் ஓரமாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். பூசணி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, துணியின் கயிற்றைக் கையில் பிடித்து நின்றான். மைக் ஃப்ரேமியோவின் கையில் இருந்தது.

தில்சியா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அதைப் பிடுங்கினாள். ஃப்ரேமியோ பிடியை விட்டுக்கொடுத்தான் என்றும் சொல்லலாம்.

"டீச்சர், நிகழ்ச்சி நிரல்ல உங்க பேர் இல்ல," என்றான் பூசணி.

"பேரைப் பத்தி நீ பேசாதே!" கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். போன தேர்தலில் அவள் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று மிச்சம் இருந்தது. "சட்டத்துக்குப் பட்டப்பேர் தெரியாதுன்னு இவன் எங்கிட்ட சொன்னான். இதோ, அரசாங்கம் அச்சடிச்ச சீட்டு. இவன் மூஞ்சிக்குக் கீழே என்ன போட்டிருக்கு? அனிபால் கஸ்தீயோ, அடைப்புக்குறிக்குள்ள பூசணி! ஏன்டா, ஓட்டு வாங்க மட்டும் சட்டத்துக்குப் பட்டப்பேர் தெரியுமா?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. பேண்டில் தாரை ஊதுகிறவன் சிரித்த சிரிப்பில் தாரையை நழுவவிட்டான்.

"மைக்கை நிறுத்துங்கய்யா!" என்று பூசணி கத்தினான்.

"பொத்தான் மாட்டிக்கிச்சு பூசணி," என்றான் ஃப்ரேமியோ.

"தப்பு என்னுது," என்றாள் தில்சியா. "மனுவுல எங்கப்பா பேரை அடிச்சது நான்தான். எனக்கு வெக்கம். அவர் பட்டினி கிடந்ததுக்கு நான் வெக்கப்பட்டேன். அவர் கையை ஒடச்சவன் வெக்கப்படல, அவன் மகனும் வெக்கப்படல, நான் வெக்கப்பட்டேன்! என் மாதிரி மடச்சி உண்டா? சொல்லுங்க, நீங்கெல்லாம் யாருக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் காதுபட அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்பது ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. அவர்களும்தான் பாவம், என்ன செய்வார்கள்! அவளே சொன்னால்தான் உண்டு. மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"கரண்டிக்கு!" என்று கத்தினாள். "எங்கப்பன் கரண்டிக்கு!"

வறுக்கிற அடுப்பிலிருந்து ஒருத்தி வாணலியின் விளிம்பைக் கரண்டியால் தட்டினாள். டக். பக்கத்துக்காரி தட்டினாள். பிள்ளைகள் மட்டையால் வேலியைத் தட்டினார்கள், டொமினோக்காரர்கள் ரம் பாட்டிலைச் சாவியால் தட்டினார்கள். டக், டக், டக். ஒன்பது வயதில் அவளை அழவைத்த அதே சத்தம். அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

பூசணிக்கு ரோஷம் வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தான். துணி விழுந்தது. கர்னல் மீசையோடும் கழுகோடும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். தட்டல் இன்னும் பலமாயிற்று. பாதிரியார் தீர்த்தச் செம்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

தில்சியா பெயிண்டரைத் தேடிப் பிடித்தாள். "சிவப்பு இருக்கா?"

"வேலிக்கு அடிக்க வச்சிருக்கேன் டீச்சர்."

"கொண்டா. ஏணியைப் பிடி."

"கவுன்சிலர் என்னைத் தொலைச்சிடுவாரு டீச்சர்..."

"மூணாங்கிளாசுல அவனை நான் தொலைச்சிருக்கேன். பிடிடா!"

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஏணியின் ஒரு காலைப் பெயிண்டரும் இன்னொரு காலை ஃப்ரேமியோவும் பிடித்துக்கொண்டார்கள். தூரிகையை முக்கி, கர்னலின் முகத்தின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு போட்டாள், முப்பது வருஷமாக நோட்டுப் புத்தகங்களில் தப்பான விடைக்குப் போடுகிற அதே கோடு. பிறகு நீல எழுத்துக்குக் கீழே பெரிதாகக் கரண்டி என்று எழுதினாள். ஏணி ஆடியதில் கடைசி எழுத்து கோணலாக விழுந்தது. அதை அவள் திருத்தவில்லை.