கொள்ளு உருண்டைக்கு ஒரு மார்க்

மார்க் ஒன்று முதல் ஒன்பது வரை. ஒன்று என்றால் வாயில் வைக்க முடியவில்லை. ஒன்பது என்றால் அமிர்தம். சராசரி ஏழு வந்தால் வித்யாவின் ஆய்வேட்டில் கையெழுத்து விழும். வராவிட்டால் இன்னொரு செமஸ்டர். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்காக வைத்திருக்கும் டயட்டீஷியன் வேலை அதற்குள் வேறு யாருக்காவது போய்விடும்.

எம்.எஸ்சி. உணவியல், கடைசி வருடம். கொள்ளும் வாழைப்பூவும் சேர்த்து, இனிப்பே இல்லாமல் அவள் கண்டுபிடித்த உருண்டையைச் சர்க்கரை நோயாளிகளே தின்று பார்த்து மார்க் போட வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குப் போடியில் பஞ்சமா? ஏலக்காய் வியாபாரியான தாய்மாமன் காசிராஜன், சோலியை விட்டுவிட்டு வரச்சொல்லித் தன் குடோனில் சர்க்கரை உள்ள பன்னிரண்டு வியாபாரிகளைக் கூட்டிவிட்டார். வித்யாவின் கைடு ஷீலா மேடம் மதுரையிலிருந்து ரயிலில் வந்து, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தட்டு சுற்றி வந்தது. யோசேப்பு என்ற வியாபாரி முதலில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையில் உருட்டினார். முகர்ந்தார். ஓரத்தைக் கடித்துத் துப்பினார். மீதியைத் தோளுக்குப் பின்னால் வீசினார்.

அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. வித்யா இரண்டு வருடம் பாடுபட்ட ஆராய்ச்சி தரையெல்லாம் உருண்டது.

"யாருமே முழுங்கலையே?" என்றார் மேடம்.

"சாம்பிள எவனாச்சும் முழுங்குவானா டீச்சரம்மா?" என்றார் காசிராஜன். "ஏலத்துல தட்டு வந்தா, பாத்துட்டு கீழ போடுறதுதான மொற."

"மாமா, இது ஏலமில்ல. சாப்பிடச் சொல்லுங்க."

"ஏப்பா, புள்ள சொல்லுது. முழுங்குங்கப்பா."

முழுங்கினார்கள். பிறகு நிறுத்தவில்லை. இரண்டாவது தட்டு காலியானது. மூன்றாவது தட்டுக்கு நான்கு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. திருப்பதி என்ற ஒல்லியான வியாபாரி இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வித்யாவுக்கு உயிர் வந்தது. மார்க் தாள்களைக் கொடுத்தாள்.

ஒன்று. ஒன்று. ஒன்று. திருப்பதி மட்டும் இரண்டு போட்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் அதை அடித்து ஒன்றாக்கினார்.

"யோசேப்பண்ணே, இது உங்களுக்கு எத்தனாவது உருண்டை?"

"அஞ்சாவது தாயி," என்றார் அவர், வாய் நிறைய.

"அப்புறம் எதுக்கு ஒண்ணு போட்டீக?"

"நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா வெலைய ஏத்திர மாட்ட?"

"விக்கிறதுக்குக் கொண்டாரலண்ணே! டிகிரிக்கு!"

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் திருப்பதி.

ஷீலா மேடம் ஃபைலை மூடினார். "சாரி வித்யா. பன்னிரண்டு பேரும் ஒண்ணுன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போட? அடுத்த செமஸ்டர்ல வேற உணவு பார்ப்போம்."

வித்யா மாமாவை ஓர் ஓரமாக இழுத்தாள். "வாங்குறவுக சரக்கப் புகழவே மாட்டீகளா?"

"புகழ்ந்தா அன்னைக்கே கடைய இழுத்து மூடணும்."

"வாங்கினதுக்கு அப்புறம்?"

"அப்புறம் அது நம்ம சரக்குல்ல? நம்ம சரக்க நாமளே கொற சொன்னா எவன் வாங்குவான்?"

வித்யா மூட்டை மேல் ஏறி நின்றாள். மீதமிருந்த உருண்டை டப்பாக்களைக் காட்டினாள். "அண்ணே, எல்லாரும் சொன்னது சரிதான். விக்கத்தான் கொண்டாந்தேன். வெலை நீங்களே சொல்லுங்க!"

"அப்படி வா வழிக்கு!" என்றார் யோசேப்பு. விலை பேசி, முதல் டப்பா அவருக்கே முடிந்தது. மூடியைத் தட்டி இறுக்கினார். அடுத்த நொடி அவர் முகமே வேறாகிவிட்டது.

"ஏ திருப்பதி, இந்த மாதிரி உருண்டை இந்த மலைக்கு மேலயும் கெடையாது, கீழயும் கெடையாது! வாசத்தப் பாரு! என் மச்சானுக்குச் சர்க்கரை எறங்கியே போச்சு!"

"எப்ப எறங்குச்சு? இப்பதான வாங்குனீக?"

"எறங்கும்ல? தாயி, அந்தத் தாளக் கொண்டா, வெரசா!"

புதுத் தாளில் ஒன்பது போட்டார். பத்துக்கு இடமில்லையா என்று கேட்டார். திருப்பதிக்குப் பொறுக்கவில்லை, அவரும் ஒரு டப்பா எடுத்தார். அவருடையதும் ஒன்பது. கொஞ்ச நேரத்தில் எல்லோரிடமும் ஆளுக்கொரு டப்பா. ஆளுக்கு ஆள் அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். குடோனே சந்தைக்கடையானது. அத்தனை தாளும் ஒன்பது.

ஷீலா மேடம் இரண்டு கட்டுத் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வாங்கும் முன் ஒன்று. வாங்கிய பின் ஒன்பது. ஒரே உருண்டை, ஒரே நாக்கு." மூடிய ஃபைலை மறுபடி திறந்தார். "வித்யா, இப்படி ஒரு வித்தியாசத்தை நான் எந்த ஆய்விலும் பார்த்ததே இல்லை. ரெண்டையும் அப்படியே போடு. தலைப்பை மட்டும் மாத்து."

கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடும்போதுதான் அவருக்கு ஒரு கவலை வந்தது.

"வைவாவுக்கு வெளியிலிருந்து ஒருத்தர் வருவார். கொஞ்சம் கறார். தின்னு பார்த்துட்டு அவரும் ஒண்ணுன்னு சொன்னா என்ன பண்ணுவே?"

"வந்து உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு டப்பா வித்துருவோம் மேடம்," என்றாள் வித்யா.